பெயரில்லை, ஆண், எட்டு நாள்

மரணப் பதிவேடு கனமான புத்தகம். மடியில் வைத்து எழுதலாம் என்றால் ஏழு மாத வயிறு இடிக்கும். தரையில் விரித்தால் குனிய முடியாது. அதனால் அரிசிப் பெட்டியின் மேல் விரித்துவைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எழுதுவேன். மதுரையில் செத்தவர்களை ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்து வரிசையாக எழுதினாள் என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் என் வீட்டுக்காரர் அதை என்னிடம் கொடுத்தார்.

அவர் பிறப்பு இறப்பு குமாஸ்தா. நான் சொல்வது யுத்தத்துக்கு முந்திய காலம். வாலிபத்தில் அம்மை வார்த்ததில் அவருக்கு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் வேலையிலும் சேர்ந்தார், என்னையும் கட்டினார். எனக்கு நாலு மாதம் ஆகும்போது அந்தக் கண்ணும் மங்க ஆரம்பித்தது. ஆபீஸில் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வார்டு மேஸ்திரிகள் வீடு வீடாகக் கேட்டுப் பென்சிலில் குறித்துவரும் துண்டுச் சீட்டுகளை வாரம் முழுக்க வாங்கி அடுக்கி வைத்துக்கொள்வார். சனிக்கிழமை அரைநாள். பதிவேட்டையும் சீட்டுகளையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் நான் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க வேண்டும். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், எனக்கு எழுத்து குண்டு குண்டாக வரும். இவருடைய எழுத்தோ மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒரு மாதம் உட்கார்ந்து நானும் மண்புழு விடப் பழகினேன்.

என் மாமியாரிடம் இதைச் சொல்ல முடியுமா? வயிற்றுப் பிள்ளைக்காரியின் காதில் சாவு என்ற சொல்லே விழக் கூடாது அவருக்கு. தெருக்கோடியில் சங்குச் சத்தம் கேட்டால் என்னை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். அதனால் இவர் ஒரு பொய் சொன்னார். "பொறந்த புள்ளைகளைத்தான் எழுதுறாம்மா. நல்ல காரியந்தானே." மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஞாயிறுதோறும் வெற்றிலையை மென்றுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "இந்த வாரம் எம்புட்டுப் புள்ளைக? ஆம்பளப் புள்ள எத்தனை?" என்று கேட்பார். நான் மரணப் பதிவேட்டைப் பார்த்து, ஆறு ஆண், நாலு பெண் அத்தை என்பேன். மீனாட்சித் தாயே, எல்லாம் நல்லாயிருக்கணும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். சில நாள் சந்தோஷம் தாங்காமல் என் முகத்தை வழித்து நெட்டி முறிப்பார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நான் பேனாவை மையில் முக்குவேன்.

பதிவேட்டில் பெயர், தெரு, ஆணா பெண்ணா, வயது, காரணம் என்று கட்டங்கள் இருக்கும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அச்சடித்த தாள் ஒன்றில் போட வேண்டும். அதில் காரணத்துக்கு ஏழெட்டு இடம்தான்: வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், சீதபேதி, மூச்சு நோய், காயம், இப்படி. கடைசியில் 'இதர'. ஜனங்கள் அம்மையை அம்மை என்றே சொல்ல மாட்டார்கள். ஆத்தா அழைச்சுக்கிட்டா என்பார்கள், மேஸ்திரியும் அப்படியே எழுதிவிடுவார். ஆத்தா அழைத்ததெல்லாம் பெரியம்மை என்று இவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கைக்குழந்தைகளுக்கு மட்டும் ஒரே சொல்தான். பால் குடிக்கவில்லையா, வயிறு உப்பியதா, கைகால் வெட்டி இழுத்ததா, எல்லாம் மாந்தம். மாந்தத்துக்கு அச்சுத்தாளில் இடம் கிடையாது, இதரவில் சேர்க்க வேண்டும். இதரவுக்குள் என்ன இருக்கிறது என்று மேலே யாரும் கேட்டதாக நான் அறியேன்.

முதலில் எனக்கும் உறைக்கவில்லை. எழுத்து அவர் எழுத்தாக வருகிறதா என்பதுதான் என் கவலை. ஒருநாள் வயதுக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். மாந்தம் என்று இருந்த இடங்களில் எட்டு நாள், ஏழு நாள், எட்டு நாள், ஒன்பது நாள், மறுபடியும் எட்டு நாள் என்று வந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே போன பிள்ளைகள். அதனால் பெயர்க் கட்டத்தில் 'பெயரில்லை' என்று இருக்கும். தெருவைப் பார்த்தேன். வைகைக் கரையை ஒட்டிய நாலு சந்துகளே திரும்பத் திரும்ப வந்தன. அதில் ஒன்று எங்கள் சந்து.

அந்த நாலு சந்துக்கும் மருத்துவச்சி ஒருத்திதான். என் வீட்டுக்காரரையே எடுத்தவள். அவளைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அப்படி ஒரு இதமான கை. எட்டாம் மாதம் என் வயிற்றைத் தடவிப் பார்க்க வந்தபோது, தலை திரும்பிவிட்டது, பயப்படாதே தாயி என்று என் காலைப் பிடித்துவிட்டாள். தாயில்லாத பிள்ளை நான். அம்மா போய், அப்பா இரண்டாம் தாரம் கட்டி உசிலம்பட்டிப் பக்கம் போய்விட்டார். தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குப் பிறந்த வீடு இல்லை. அந்தக் கை பட்டதும் அழுகை வந்துவிட்டது. போகிறபோது, முந்தின நாள் கடைசிச் சந்தில் மூலைவீட்டில் ஓர் ஆண் பிள்ளை எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னாள். கொழுக்கு மொழுக்கென்று இருக்கிறதாம். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு அந்த மூலைவீட்டை நான் பதிவேட்டில் ஏற்றினேன். பெயரில்லை, ஆண், எட்டு நாள், மாந்தம். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்து இந்த வாரம் எத்தனை ஆம்பளப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று இவர் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். எதனால் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவள் கை பட்ட வீட்டில் எட்டாம் நாள் இப்படி ஆகிறது என்றேன். அவர் பயந்தது வேறொன்றுக்கு. அந்த மருத்துவச்சி அவருடைய மேலதிகாரி வீடுவரைக்கும் போகிறவள். நான் ஒரு வார்த்தை விட்டால் நாலு சந்தும் பேசும். குமாஸ்தா பெண்டாட்டிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று முதல் கேள்வி வரும். பதிவேடு வெளியே வந்த கதையும் கண் கதையும் சேர்ந்து வெளிவரும். "எழுதுறது நம்ம வேலை. ஏன் செத்துச்சுன்னு கேக்குறது நம்ம வேலை இல்ல," என்றார். என் கையை எடுத்து என் வயிற்றின் மேலேயே வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சத்தியத்தைச் செய்துவிட்டு, "அப்ப இந்தப் புள்ளைக்கு யாரு சத்தியம் பண்ணுவா?" என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மூன்று நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தன் அம்மா முன்னால் போய் நின்றார். "சர்க்கார் உத்தரவு வந்திருக்கும்மா. ஆபீஸ்காரங்க வீட்டுப் பிரசவம் இனிமே ஆஸ்பத்திரியிலதானாம். மீறினா வேலை போயிருமாம்." அப்படி ஓர் உத்தரவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாமியார் மூக்கைச் சிந்தினார், வெள்ளைக்காரனைத் திட்டினார், கோரிப்பாளையம் தர்காவில் எனக்காக மந்திரித்துக் கட்டிய கயிற்றைத் தொட்டுத் தொட்டு அழுதார். கடைசியில், சர்க்கார் சொன்னால் நாம் என்ன செய்ய முடியும் என்று அடங்கிப்போனார். எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி சர்க்கார்தான். சர்க்கார் பெயரைச் சொல்லவே நடுங்குகிற மனுஷன் எனக்காக இத்தனை பெரிய பொய்யைச் சொன்னாரே என்று அன்று முழுக்க அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மாமியாருக்கு இன்னொரு சங்கடம் பாக்கி இருந்தது. மருத்துவச்சிக்கு ஏழாம் மாதமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாயிற்று. பிரசவத்துக்கு வைத்த வெற்றிலையைத் திருப்பி வாங்கினால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெற்றிலை திரும்பக் கூடாது, வேறொரு பிரசவத்துக்கு மாற்றிவிடலாம். எதிர்வீட்டுக்காரிக்கும் எனக்கும் நாலைந்து நாள்தான் வித்தியாசம். அவள் புருஷன் மில்லில் வேலை பார்த்தான். அவளுக்கு ஊர் கீழக்குயில்குடி, தலைப்பிரசவத்துக்கு அங்கே போவதாக இருந்தது. மாமியார் எதிர்வீட்டுக்குப் போய், நிறைமாசத்தில் வண்டியில் குலுங்கிக்கொண்டு ஏன் போகிறாய், இப்படிக் கைராசிக்காரி தெருவிலேயே இருக்கும்போது என்று அரை மணி நேரம் பேசினார். எனக்கு வைத்த வெற்றிலை அவளுக்கு மாறியது. திரும்பி வந்து, மனசு இப்போதுதான் ஆறியது என்று என் மாமியார் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

எதிர்வீட்டுக்காரி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு வாந்தி வந்தால் அவள் ஓடிவந்து தலையைப் பிடிப்பாள், அவளுக்கு மாங்காய் வேண்டுமென்றால் நான் கேட்டு வாங்கி வைப்பேன். மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது, நீயும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்றேன். அது ஆபீஸ்காரங்களுக்குப் போட்ட உத்தரவுதானே, எங்க வீட்டுக்காரரு மில்லுலல்ல இருக்காரு என்றாள். அப்படியானால் உன் அம்மா வீட்டுக்கே போ என்றேன். "என்னைய வெரட்டுறதுல இம்புட்டு ஆசையாக்கா உங்களுக்கு?" என்று சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். அடுப்படியில் மாமியார் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அந்தப் பிள்ளையின் மேல் வைத்த சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான், எங்கள் சந்தில் யாரிடமும் பேச்சில் தோற்றதில்லை. பேச வேண்டிய ஒரே ஒரு நாள் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மறுநாள் அடுத்த கட்டிலுக்குப் பிரசவம் பார்க்க, நர்ஸம்மா கத்திரிக்கோலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். கத்திரிக்கோலை எதற்குக் கறி மாதிரி வேகவைக்கிறீர்கள் என்று கேட்டேன். நர்ஸம்மா சிரித்துவிட்டு விவரமாகச் சொன்னார். வேகவைக்காத இரும்பிலும் சாணியிலும் சாம்பலிலும் கண்ணுக்குத் தெரியாத விஷம் இருக்கிறது. அது தொப்புள் வழியாக ஏறினால் ஒரு வாரத்தில் பிள்ளைக்குத் தாடை பூட்டிக்கொள்ளும். பால் குடிக்காது, உடம்பு வில்லாக வளையும். ஜனங்கள் அதை மாந்தம் என்பார்கள் என்றார். எங்கள் மருத்துவச்சி பழைய கதிரறுவாளில்தான் தொப்புள்கொடி அறுப்பாள், சாணிச் சாம்பல்தான் வைப்பாள். அத்தனை மாதம் எழுதியும் தெரியாதது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. எழுந்து ஓடலாம் என்றால் காலை ஊன்ற விடவில்லை. பன்னிரண்டு நாள் படுக்கை என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் பார்க்க வந்த இவரிடம், எதிர்வீட்டில் அறுவாளைக் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள், சாம்பல் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பதிவேட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சொல்கிறேன் என்றார். மறுநாள் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றார். நானும் என் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் ஜட்காவில் வீட்டுக்குத் திரும்பினோம். சந்து முனையிலேயே மாமியார் ஓடிவந்து வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் இங்கேயே இரு, இறங்காதே என்றார். திரையை இழுத்துவிட்டு, தன் முந்தானையை எடுத்து என் பிள்ளையின் முகத்தில் போட்டார். திரை ஓரத்தில் இருந்த இடைவெளி வழியாக நான் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரியின் புருஷன் ஒரு வெள்ளைத் துணி மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துபோனான். மூட்டையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனான். பின்னால் மண்வெட்டியோடு ஓர் ஆள். அவர்கள் ஆற்றுப் பக்கம் திரும்பி மறைந்த பிறகு வண்டியை உள்ளே விடச் சொன்னார்கள். எங்கள் வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். எதிர்வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது.

சனிக்கிழமை பை வந்தது. தீட்டுக் கழியாதவள் புத்தகத்தைத் தொடலாமா என்றெல்லாம் பார்க்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. நான் இல்லாத நாளெல்லாம் சேர்ந்து ஒரு கட்டுச் சீட்டு இருந்தது. அதில் நாலாவது சீட்டு எங்கள் சந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி புருஷனிடம் நிஜமாகவே சொன்னீர்களா என்று இவரைக் கேட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓர் ஆம்பிளை இன்னோர் ஆம்பிளையிடம் அவன் பெண்டாட்டி பிரசவத்தைப் பற்றி என்னவென்று பேசுவது? தொப்புள்கொடி என்ற வார்த்தையே இவருக்கு வாயில் வரவில்லை. "வீட்டைச் சுத்தமா வச்சுக்கங்க, எல்லாம் சுத்தமா இருக்கணும்னு சொன்னேன்," என்றார். அந்த நல்ல மனுஷன் தட்டாமல் கேட்டிருக்கிறான். அன்றைக்கே வீடு முழுக்கச் சாணி போட்டு மெழுகினானாம். அறுவாளைச் சாணிப்பாலில் முக்கி எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தானாம். புதுப்பானையில், கன்று ஈனாத கிடாரியின் சாணி வாங்கிச் சுட்டு, அந்தச் சாம்பலைச் சலித்து வைத்திருந்தானாம். எங்களுக்குச் சாணியைவிடச் சுத்தமானது எது? அத்தனை பக்தியாக எந்த வீட்டிலும் அந்தச் சாம்பலைத் தயார் செய்திருக்க மாட்டார்கள்.

பெயரில்லை என்று எழுதினேன். ஆண் என்று எழுதினேன். எட்டு நாள் என்று எழுதினேன். காரணக் கட்டத்துக்கு வந்ததும், நர்ஸம்மா சொன்னதை எழுதிவிடலாமா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் அது குமாஸ்தா எழுதியதாகிவிடும். உனக்கு யார் சொன்னது, நீ என்ன டாக்டரா என்று கேட்பார்கள். இவர் அரைக்கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்தார். நான் மாந்தம் என்று எழுதினேன். அந்தப் பிள்ளையை இதரவில் கூட்டினேன். அதற்குப் பிறகும் ஆறு வருஷம், இவர் வேலையை விடுகிற வரைக்கும், எட்டு நாள் பிள்ளைகளை அப்படித்தான் எழுதினேன். வெளியே நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். மாமியார் கண்ணில் படாமல் மருத்துவச்சி வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்கிறார்கள் என்று அறுவாளைக் கொதிக்கவைப்பது பற்றிச் சொல்லிப் பார்த்தேன். கொதிக்கவைத்தால் இரும்பு பதம் போய்விடும் தாயி என்று சிரித்தாள். கேட்பாள் என்று நானும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

இவரும் போய்விட்டார். கடைசிக் காலத்தில் சுத்தமாகக் கண் தெரியாது, கையைப் பிடித்து நான்தான் நடத்திக்கொண்டு போவேன். அந்தப் பதிவேடுகள் எங்காவது ஓர் அறையில் அடுக்கிக் கிடக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். எழுத்தைப் பார்த்தால் யாரும் அவர் எழுத்து என்றுதான் சொல்வார்கள். இப்போது எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஊசி போடுகிறார்கள், ஊரே ஆஸ்பத்திரியில்தான் பெறுகிறது. மாந்தம் என்றால் என்ன என்று என் பேத்தி கேட்கிறாள். அவளுக்கு என்னத்தைச் சொல்ல? அந்த வருஷத்தை நினைத்தால் பதிவேடு எனக்கு நினைவுக்கு வருவதில்லை. ஒரு பகல்தான் வருகிறது.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் எனக்கு மார்பில் கட்டி, அனல் காய்ச்சல். பால் நின்றுபோயிற்று. பிள்ளை வீறிட்டு அழுகிறான். எதிர்வீட்டில் அவளோ பால் கட்டிக்கொண்டு வேதனைப்படுகிறாள், மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியும் வற்றவில்லை. மாமியார்தான் போய்க் கேட்டார். அவள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உள்ளே வந்து என் பாய் ஓரத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி என் பிள்ளையை வாங்கி மடியில் போட்டாள். அவன் அவள் மார்பைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பிள்ளை விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் ஒரு உத்தரவு போட்டிருக்கலாம்லக்கா, இந்தச் சர்க்காரு."

நான் சுவரைப் பார்த்தபடியே, ஆமா என்றேன்.